ஆறு வாரத்து ஊர்

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரையில், மாசி பிறந்து சித்திரை முடிவதற்குள் ஓர் ஊர் எழுந்து கலைந்துவிடும். ஆண்டுதோறும் அப்படி நடந்ததில்லை. கடலடியில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்புகளின்போது அந்த மணலில் 30,000 பேருக்கும் மேல் குடியிருந்தார்கள். ஓலைக் கொட்டகைகள் தெருத்தெருவாக நின்றன. கடைவீதி, மருத்துவமனை, தபால் நிலையம், நீதிமன்றம், சிறை எல்லாம் இருந்தன. ஆறு வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம் கழித்து சிப்பி ஓட்டுக் குவியல்களும் பிரித்துப்போட்ட கம்புகளும்தான் எஞ்சும். இந்த ஊரைப் பற்றி எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகளும் பயணிகளும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னார்கள்: வெறும் மணற்காடு, அரசாங்கம் அறிவிப்புக் கொடுத்தது, பீரங்கி முழங்கியது, ஊர் முளைத்தது. நம் பள்ளிப் பாடங்களும் சுற்றுலா நூல்களும் அதையே திரும்பச் சொல்கின்றன. சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. இந்த ஊரை ஊராக நிறுத்தியது குளியாளிகளின் வழக்கம். அரசுகள் மாறி மாறி வந்து அந்த வழக்கத்தின்மேல் தங்கள் பங்கை வைத்துக்கொண்டன. வழக்கத்துக்கு இடம் கொடுத்த அரசுகளுக்கு வருமானம் வந்தது. அதற்கு இடமே வைக்காமல் ஒரு கணக்கை எழுதியபோது அந்தக் கணக்கு ஆறு ஆண்டுக்குமேல் தாங்கவில்லை.

முதலில் பருவம். மன்னார் வளைகுடாவில் வாடைக்காற்று அடங்கிச் சோழகம் கிளம்புவதற்கு முன் சில வாரங்கள் கடல் சமமாகக் கிடக்கும். நீர் தெளியும், அடிமட்டம் கலங்காது. ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் மூச்சடக்கி இறங்குகிறவனுக்கு அந்தச் சில வாரங்கள்தான் வாய்க்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, சித்திரையிலிருந்து வைகாசி நடுவரை குளிப்பு நடப்பதாக எழுதியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த ஆங்கிலேயர் குறிப்புகளில் அது மாசி, பங்குனிக்கு நகர்கிறது. ஆனாலும் இரண்டு காற்றுகளுக்கு நடுவே உள்ள அதே இடைவெளிதான். சிப்பிக்கும் ஒரு வயதுக் கணக்கு உண்டு. நாலரை ஆண்டுக்கு முன் எடுத்தால் முத்து தேறாது. ஆறேழு ஆண்டு தாண்டினால் சிப்பி தானாகவே செத்து, முத்து மணலோடு போய்விடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பார்களைச் சோதித்து, மாதிரிக்கு அள்ளிய சிப்பிகளைத் திறந்து, தேறிய முத்துக்குச் செட்டிகளைக் கொண்டு மதிப்புப் போட்ட பிறகே அடுத்த மாசியில் குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிக்க முடிந்தது. பாறைத் திட்டான அந்தப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் கடலுக்குள் மறைந்திருப்பவை. அரசாங்க அறிவிப்பு என்பது காற்றும் சிப்பியும் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டதை ஊரறியச் சொல்வது. அந்த இரண்டையும் அறிந்தவர்கள் கரையில் இருந்தார்கள்.

வந்து குவிந்தவர்கள் யார்? தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு பக்கத்துப் பரதவர்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாளிகள். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலிருந்து சிலர். மலையாளக் கரையிலிருந்து சிலர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள். இவர்களுக்குப் பின்னால் முத்து வாங்கச் செட்டிகளும் பம்பாய் வணிகர்களும், முத்துத் துளைப்பவர்களும், அரிசி, கள், துணி விற்பவர்களும், செப்பிடு வித்தைக்காரர்களும், பிச்சைக்காரர்களும். 1803இல் நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற படை அதிகாரி, ஒரு தோணிக்கு இருபது பேர் என்றும், பத்துப் பேர் குளிப்பவர்கள், மற்றப் பத்துப் பேர் தண்டு வலிப்பவர்கள், கயிறு பிடிப்பவர்கள் என்றும் எழுதுகிறார். தோணியை நடத்த ஒரு தண்டல். இரவு பத்து மணி வாக்கில் அரிப்பில் வெடி போட்டதும் தோணிகள் எல்லாம் கரைக்காற்றில் ஒருசேரப் பாய் விரிக்கும். விடியுமுன் பாரைச் சேரும். சூரியன் எழுந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால், திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். போகவும் வரவும் காற்று துணை நிற்கும்படி வகுத்த நாள் அது. வெடிச் சத்தம் அரசாங்கத்துடையது, நேரம் கரைக்காரர்களுடையது.

குளிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரின் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தோணியின் விளிம்பிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு கல். குளிப்பவன் வலது காலின் விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக் கல்லின்மேல் நிற்பான். இடது காலில் வலைப்பை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இன்னொரு கயிற்றைப் பிடித்தபடி சாடை காட்டினால், மேலே இருப்பவன் கல்லை விடுவான். அரபுகள் மட்டும் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். அடியில் போய்ச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிட வேண்டும். மேலே இருப்பவன் அதை உடனே இழுத்துக்கொள்வான். குளிப்பவன் தரையோடு தரையாகக் கிடந்து, கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட்டு, கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் நேரம். பத்துப் பேரில் ஐந்து பேர் இறங்கும்போது ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். ஒரு நாளில் ஒருவன் நாற்பது ஐம்பது முறை இறங்குவான். கயிறு பிடிப்பவனின் கவனம் ஒரு கணம் தப்பினால் இறங்கியவன் உயிர் போயிற்று. ஆகவே யாருக்கு யார் கயிறு பிடிப்பது என்பதைக் கரையில் உட்கார்ந்திருக்கும் துரை தீர்மானிக்க முடியாது. நம்பிக்கையும் உறவும் அதைத் தீர்மானித்தன. தோணி என்ற அந்தச் சிறு சமுதாயத்தை அரசு உருவாக்கவில்லை. அது உருவாகியே வந்து சேர்ந்தது.

அரசர்கள் தங்கள் உரிமையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது இதற்கு நல்ல சான்று. தூத்துக்குடிப் பக்கத்துக் குளிப்பில் மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவரின் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல் என்றுதான் ஒல்லாந்தர் ஆவணங்கள் பேசுகின்றன. ஒரு கல் என்றால் ஒருவன் இறங்கும் உரிமை. நிலத்தில் வேலி அளக்கலாம், மரக்காலில் நெல் அளக்கலாம். கடலடியில் அளக்க எதுவும் இல்லை. இறங்குகிற ஆளைத்தான் அளவாக வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த ஆட்களைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்வதற்காகவே 16ஆம் நூற்றாண்டில் பெரும் போட்டி நடந்தது. முஸ்லிம் வணிகர்களோடும் குளியாளிகளோடும் மோதிக்கொண்டிருந்த பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கீசியர் புன்னைக்காயல் பரதவர்களில் ஒரு பகுதியினரை அங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. அவர்கள் புரொட்டஸ்டன்ட் நெறிக்காரர்கள், கத்தோலிக்கப் பாதிரிகளை விரட்டியவர்கள். அப்படியிருந்தும் பரதவரின் ஜாதித் தலைவரையும் பட்டங்கட்டிகளையும் அவர்களால் தொட முடியவில்லை. தொட்டால் தோணி வராது. மதத்தை மாற்ற நினைத்த அரசுகூட மாற்றாமல் விட்டுவைத்த ஒழுங்கு அது.

இந்த ஒழுங்கின் மிகத் தெளிவான அடையாளம் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பப்பட்ட அவர் இல்லாமல் குளியாளிகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். மார்க்கோ போலோ காலத்தில், அரசனுக்குப் பத்தில் ஒன்று என்றால் மீனைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒன்று போயிற்று. 1807இல் இலங்கையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் அந்தச் சடங்கை விவரிக்கிறார். கடல்கட்டிகளில் ஒருவர் தலைத் தோணியில் போவார். இன்னொருவர் கரையில் ஓர் அறைக்குள் ஆடையின்றித் தனித்திருப்பார், தோணிகள் புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை. அவர் முன்னால் தண்ணீர் நிறைந்த பித்தளைத் தட்டம், அதில் வெள்ளியில் செய்த ஆண் மீன் ஒன்றும் பெண் மீன் ஒன்றும். கடலில் சுறாவால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிப்பது தெரியும் என்பது நம்பிக்கை. ஐம்பது ஆண்டு கழித்து எமர்சன் டென்னன்ட் இலங்கை பற்றிய தம் நூலை 1859இல் வெளியிட்டபோதும் கடல்கட்டி இருந்தார், அரசாங்கச் செலவிலேயே இருந்தார். பரம்பரையாக வந்த அந்தப் பொறுப்பு அப்போது ஒரு கத்தோலிக்கரின் கையில் இருந்தது. பிராமணர்களிடம் இருந்ததாக மார்க்கோ போலோ சொல்லும் வேலையைக் கிறிஸ்தவர் ஒருவர் செய்ய, முஸ்லிம்களும் இந்துக்களும் அதை நம்பி இறங்கினார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அன்றைய அதிகாரிகள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் எழுதிய கையாலேயே சம்பளத்துக்கும் ஒப்பமிட்டார்கள். சுறா கடித்த நிகழ்ச்சிகள் மிக அரிது என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியானால் ஏன் கொடுத்தார்கள்? இறங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் இறங்குகிறவர்களிடம் இருந்தது, அதைக் கடல்கட்டி என்ற ஒரு மனிதரின் வழியாக அவர்கள் செலுத்தினார்கள் என்பதே எனக்குப் படும் விளக்கம். கடல்கட்டி இன்று வேண்டாம் என்றால் அன்று குளிப்பு இல்லை. அதற்கு மேல் முறையிட இடமில்லை. பணம் போட்டவனும் ஆணையிட்டவனும் தடுக்க முடியாத ஒரு விடுப்பை உழைப்பவர்கள் கையில் வைத்திருந்தார்கள்.

விடுப்பு என்றதும் திருநாள்களைச் சொல்லியாக வேண்டும். ஆறு வாரம் முதல் இரண்டு மாதம்வரை பருவம் என்றாலும், உண்மையில் குளித்த நாள்கள் முப்பதைத் தாண்டுவதில்லை என்று பெர்சிவல் குறிப்பிடுகிறார். காற்று கெட்ட நாள்கள் போக, பல சமயத்தாரின் பண்டிகை நாள்களும் குறுக்கிட்டன. கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறு. தவக்காலமும் பெரிய வியாழனும் ஈஸ்டரும் பெரும்பாலும் இந்தப் பருவத்துக்குள்தான் விழும். மாசி மகம், சிவராத்திரி, பங்குனி உத்திரம் எல்லாம் இதே வாரங்கள். பிறை கண்டு நகரும் இஸ்லாமிய மாதங்கள் சில ஆண்டுகளில் நோன்பைக்கூட இதற்குள் கொண்டுவந்து சேர்க்கும். குத்தகைதாரருக்கு ஒவ்வொரு நாளும் பணம். அவர் முழுப் பருவத்துக்கும் தொகை பேசி எடுத்தவர். தோணிகள் ஒருசேரப் போய் ஒருசேரத் திரும்பும் வழக்கம் இருந்ததால், கணிசமானவர்கள் இறங்க மறுக்கும் நாளில் கடை எல்லாருக்குமாகச் சாத்தப்பட்டது. ஒருவர் பண்டிகைக்கு மற்றவர்களும் ஓய்ந்தார்கள். இதை மத நல்லிணக்கம் என்று வாழ்த்துப் பாட நான் வரவில்லை. பரதவருக்கும் முஸ்லிம் குளியாளிகளுக்கும் பழைய பகை இருந்தது, முகாமில் அவரவர் அவரவர் பக்கத்தில்தான் குடிலமைத்தார்கள். அன்பு இல்லாமலும் ஓர் ஒழுங்கு நிற்க முடியும் என்பதற்கு இந்தக் கரை சான்று. அந்த ஒழுங்கைத் தாங்கியது ஒரே காற்று, ஒரே பார், ஒரே ஆபத்து என்ற நிலைமை. எனக்கு இது நல்லிணக்கப் பேச்சைவிட மதிப்புள்ளதாகத் தெரிகிறது. நல்ல மனம் ஓர் ஆண்டு இருக்கும், மறு ஆண்டு போகும்.

சிப்பி கரைக்கு வந்த பிறகு நடந்ததில் இதே குணம் தெரிகிறது. தோணிகள் வந்து இறக்கும் வேலியடைத்த கொட்டகைக்குக் கொட்டு என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. பங்கு பிரித்த விதம்தான் கவனிக்கத்தக்கது. குளித்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே மூன்று குவியலாக வைப்பார்கள். அதிகாரி வந்து எந்த இரண்டு அரசுக்கு என்று காட்டுவார். எஞ்சியது அவர்களுடையது. பிரிப்பவன் ஒருவன், தேர்ந்தெடுப்பவன் வேறொருவன் என்றால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. எண்ணவே நாள் முழுதும் வேண்டிய இலட்சக்கணக்கான சிப்பிகளை ஒரு சண்டையும் இல்லாமல் பிரித்துவிடும் வழி இது. தங்கள் பங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் வாசலிலேயே விற்பனை. பெரிய வணிகர்களுக்கு அரசின் குவியல், ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று மாலையில் ஏலம். குளியாளியின் குவியலோ கைக்கு ஐந்து, பத்து என்று ஏழை எளியவர்களுக்குப் போகும். வாங்கியவன் அங்கேயே உட்கார்ந்து திறந்து பார்ப்பான். பத்திலும் ஒன்றும் இல்லாமல் போகலாம், ஒன்றில் ஓர் ஆணிமுத்து இருக்கலாம். சந்தையின் இந்தக் கடைசிப் படியை அரசு நடத்தவில்லை, ஆனால் ஊரில் பணம் புழங்கியதற்கு அதுவே பெரிய காரணம்.

1906 குளிப்பில் அந்தக் கொட்டில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் உல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர் பெற்றவர். 1961இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அந்த நாள்களை எழுதியிருக்கிறார். பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து, பல மொழி பேசி, பெரும்பணம் கை மாறிய அந்த இடத்தில் ஆங்கில அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே, படை இல்லை, போலீசும் கொஞ்சம்தான். அவருக்கே அது வியப்பாக இருந்தது. பேரரசின் அதிகாரத்துக்கு மக்கள் பணிந்ததாக அதை விளக்குவோர் உண்டு. ஆனால் இதே ஊர் பேரரசுக்கு முன்பும் நின்றது, வேறு வேறு கொடிகளின்கீழ் நின்றது. எல்லாக் காலத்துக்கும் பொதுவாக இருந்தவை கல், கடல்கட்டி, பங்கு, தண்டலின் சொல் ஆகியவைதான். அமைதிக்கான காரணத்தை அங்கே தேடுவதே முறை.

இதற்கு எதிராக எழும் வலுவான கேள்வி ஒன்று உண்டு: குளியாளிகளின் சுதந்திரம் என்று ஒன்று உண்மையில் இருந்ததா? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையில் முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு செய்வித்ததாகச் சொல்கிறது. அதாவது இந்தத் தொழிலின் பழைய சான்றுகளில் ஒன்றே அடிமைத்தனத்தின் சான்று. பிந்திய காலத்திலும் தோணி சம்மாட்டியுடையது, குளிப்பவன் பெரும்பாலும் அவரிடம் முன்பணம் வாங்கிக் கடன்பட்டவன். தோணியில் சிப்பியைத் திறக்கத் தடை. கழுவும் கூலிகள் முத்தை விழுங்கிவிடாதபடி வாய்க்குக் கை கொண்டுபோகக்கூடாது என்று கண்காணித்தார்கள். குவித்துவைத்த சிப்பி பத்து நாள் அழுகும், அதன் நாற்றமும் ஈக்களும் ஊரையே மூடும், வாந்திபேதி பரவுமோ என்ற பயம் ஒவ்வொரு குளிப்பின்போதும் இருந்தது. மூச்சு தப்பிச் செத்தவர்கள் உண்டு. உல்ஃப் தாம் கண்ட ஓர் அரபுக் குளியாளியின் சாவையும் தோழர்கள் அழுத அழுகையையும் மறக்க முடியாமல் எழுதினார். இவற்றை எல்லாம் மறைத்து இந்த ஊரைக் கொண்டாடினால் அது பொய்யாகும். முத்தின் பெரும்பயன் குளித்தவனுக்குப் போகவில்லை. மூன்றில் ஒன்றுதான் அவன் கையில், அதிலும் சம்மாட்டிக்கும் கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் சுரண்டல் இருந்தது என்பதும் வழக்கத்துக்கு வலிமை இருந்தது என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தண்டனைக் கைதிகளை இறக்கிய ஏற்பாட்டுக்கும் மூன்று குவியல் வைத்த ஏற்பாட்டுக்கும் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை எந்த அரசும் ஆணை போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. இந்த வேலையைத் துப்பாக்கி முனையில் வாங்க முடியாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். பத்துப் பாகத்துக்குக் கீழே ஒருவன் எத்தனை சிப்பி வாரினான், வாராமல் விட்டான் என்பதை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது. குளியாளிக்குப் பங்கு கொடுத்தால்தான் பை நிறையும். அவன் பேரம் பேச வைத்திருந்த பலம் அந்த இருட்டில்தான் இருந்தது. அதைக்கொண்டு அவன் பணக்காரனாகவில்லை. ஆனால் நாளையும் ஓய்வையும் பங்கையும் சடங்கையும் தன் கணக்கில் நிறுத்திக்கொண்டான்.

இனி, இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம்: அது தோல்வியைத் தாங்கக்கூடியதாக இருந்தது. சிப்பி பொய்ப்பது இந்தக் கடலில் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் 1768க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டு இலங்கைப் பக்கத்தில் குளிப்பே இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1837க்குப் பின் 1855 வரை இல்லை. 1891க்குப் பின் 1903 வரை இல்லை. ஒரு தலைமுறையே முத்தைக் காணாமல் வளர்ந்திருக்கும் இடைவெளிகள் இவை. இருந்தும் அறிவிப்பு வந்த மாசியில் தோணிகளும் ஆட்களும் தயாராக வந்து நின்றது எப்படி? பதில் சங்கில் இருக்கிறது. தூத்துக்குடி, கீழக்கரை, இராமநாதபுரக் கரைகளில் சங்குகுளி ஆண்டுதோறும் நடந்த வேலை. வங்காளத்தில் பெண்கள் அணியும் சங்கு வளையல்களுக்கு இங்கிருந்துதான் சங்கு போயிற்று. மூச்சடக்கும் பயிற்சியையும் கயிறு பிடிக்கும் உறவையும் அதுவே காப்பாற்றியது. முத்து வந்தால் லாபம், வராவிட்டால் பிழைப்பு நிற்காது. ஊர் ஆறு வாரம்தான் இருந்தது, ஆனால் ஊரின் சமுதாயம் ஆண்டு முழுதும் வேறு கரைகளில் வேறு வேலையாக உயிரோடிருந்தது. வெறும் மணலில் ஊர் முளைத்ததாக எழுதியவர்கள் இதைக் காணவில்லை.

காணாததன் விளைவு சீக்கிரமே வந்தது. சிப்பி ஏன் பொய்க்கிறது என்று கண்டறிய லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்தார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்கள் செய்தது நேர்மையான, கடின உழைப்புள்ள வேலை. பெரிய பாரில் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் வந்து ஒட்டினாலும், சோழகக் காலத்து நீரோட்டம் அவற்றை அடித்துப் போய்விடுகிறது என்று கண்டார்கள். குஞ்சுகளை அங்கிருந்து அள்ளிக் காவலான பார்களில் விட்டால் விளைச்சலை நிலைப்படுத்தலாம் என்று சொன்னார்கள். அப்போது பார்த்து 1903 முதல் தொடர்ந்து குளிப்பு நடந்தது. 1905இல் எடுத்த சிப்பி 8 கோடியைத் தாண்டியது, அரசுக்கு ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அறிவியலும் வந்துவிட்டது, விளைச்சலும் வந்துவிட்டது, இனிப் பொய்க்காது என்ற நம்பிக்கையில் 1906இல் பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907இல் ஒரு குளிப்பு நடந்தது. அதன்பின் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனி கலைந்தது.

கம்பெனி விழுந்ததற்கு வழக்கத்தை மீறியதா காரணம், இயற்கைதானே காரணம் என்று கேட்கலாம். சிப்பி பொய்த்தது இயற்கையால், அல்லது 1903 முதல் ஐந்து ஆண்டு ஓயாமல் வாரியதால், அல்லது இரண்டாலும். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, பொய்த்ததும் எது நின்றது எது விழுந்தது என்பதில் இருக்கிறது. முப்பது ஆண்டு பொய்த்தபோது தாங்கிய தொழில் ஐந்து ஆண்டு பொய்த்ததற்கு ஏன் கவிழ்ந்தது? பழைய ஏற்பாட்டில் விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் யாருக்கும் யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் கடல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆண்டுக்கு மூன்று லட்சம். வருகிற ஆண்டு வரும், வராத ஆண்டு வராது என்று விட்டுவைத்திருந்த இடைவெளிதான் அந்தத் தொழிலின் காப்பு. அந்த இடைவெளிக்கு ஒப்பந்தத்தில் இடமே வைக்கவில்லை. குளியாளிகள் சங்குக்குத் திரும்பினார்கள். பங்குதாரர்களுக்குத் திரும்ப எதுவும் இல்லை.

பிறகு இலங்கைப் பக்கத்தில் 1925இல் குளிப்பு நடந்தது. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்த்த முத்து உலகச் சந்தையில் இடம் பிடித்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை கடைசியாகக் குளிப்புகள் நடந்தன. அரிப்பில் ஆளுநர் ஃபிரெடரிக் நார்த் குளிப்பைக் கண்காணிக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டோரிக் மாளிகையின் இடிபாடு கடலரிப்பில் சரிந்துகொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்கிறார்கள்.

வெறும் மணல் என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. மறிச்சுக்கட்டி முகாமுக்குக் கிட்ட, காட்டை ஒட்டி, குளமும் வயலும் மீன்பிடியுமாகக் குடிகள் இருந்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி என்று அவர்களுடைய ஊர்களுக்குப் பெயர் இருந்தது. பெரும்பாலும் முஸ்லிம்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவர்களும் புத்தளம் பக்கம் போனார்கள். 2009க்குப் பின் திரும்பி வந்தபோது காடு வளர்ந்திருந்தது, அந்தக் காட்டை அழித்துக் குடியேறுகிறார்கள் என்று கொழும்பில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. காட்டின் எல்லை குறித்த விவாதத்தில் நியாயமான கவலைகளும் உண்டு. ஆனால் அங்கே முன்பு யாரும் குடியிருக்கவில்லை என்ற வாதம் எழும்போதெல்லாம், 200 ஆண்டுகளாக முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர்கள் அந்தக் கரையை ஆளில்லாத மணலாகவே காட்டிவந்தார்கள் என்பதையும், அதே எழுத்துகளில் அந்தக் கரைக்கு அவர்கள் இட்ட பெயர் மறிச்சுக்கட்டி என்ற ஊரின் பெயர்தான் என்பதையும் சேர்த்தே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.